எட்டு அங்குல ராஸ் லென்ஸ் விஷயமாக

இயேசு மரி சூசை

பனையடித்துறை
24-9-1956

சென்னைப் பட்டணத்தில் இருக்கும் மருமகன் ஜேசுதாஸ் அவர்களுக்கு மாமன் ஏசுஅடிமை எழுதுவது.

நீங்கள் எனக்கும் இந்த ஊருக்கும் ஒரு அநியாயம் செய்துவிட்டீர்கள். அதை முதலில் எழுதிவிட்டுத்தான் சுகம் விசாரிப்பது என்று இருக்கிறேன். பூஞ்சை துடைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லி என்னுடைய எட்டு அங்குல ராஸ் லென்ஸை வைகாசியில் வாங்கிப் போனீர்கள். என்னைக் கேட்காமல் அதைக் கடையில் கொடுத்து, பத்து அங்குல ஜெர்மன் டெஸ்ஸாரை மாற்றி வாங்கினீர்கள். நான் காய்ச்சலில் கிடந்தபோது அதை என் கேமராவில் மாட்டி, இந்த வருஷத்துக் கரைப்படத்தை நீங்களே எடுத்து, எனக்குக் காட்டாமல் நாகர்கோவில் எஞ்சினீயர் ஆபீசுக்கு அனுப்பினீர்கள். அந்த ஒரு படத்தால் நம் துறைக்குக் கடல் தடுப்புச் சுவர் வேண்டாம் என்று எழுதப் போகிறார்கள்.

இனி சுகம். எனக்குக் காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆகிறது. மணலில் நடந்தால் மட்டும் கால் நடுங்குகிறது. பன்னிரண்டு நாள் என் தலைமாட்டில் இருந்து கஞ்சி கொடுத்தது நீங்கள்தான் என்று மீன் விற்கும் வியாகுலம்மாள் சொன்னாள். எனக்கு ஒன்றும் நினைவில்லை. நினைவில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகாது. அதற்கும் லென்ஸுக்கும் சம்பந்தமில்லாததால் தனியாக எழுதுகிறேன். மகள் சகாயசெல்விக்கு இது ஏழாம் மாதம். அவளை அடிக்கடி மாடிப்படி ஏறவிட வேண்டாம்.

ஆபீசில் நடந்ததைச் சொல்கிறேன். இந்த மாதம் பத்தாம் தேதி பஸ் ஏறிப் போனேன். எஞ்சினீயர் மேஜையில் நம் படங்கள் ஒன்பதும் வரிசையாகக் கிடந்தன. நான் எடுத்தவை எட்டு, நீங்கள் எடுத்தது ஒன்று. அவர் இரும்பு ஸ்கேலை எடுத்துப் போன வருஷத்துப் படத்தின் மேல் வைத்தார். கோயில் படியிலிருந்து மணல்மேட்டின் விளிம்பு வரை பத்து நூல், அதாவது ஒன்றேகால் அங்குலம். உங்கள் படத்தின் மேல் வைத்தார். பதினொரு நூல். "என்ன பெரியவரே, ஒங்க கடலு பயந்து பின்னால போயிட்டு போலிருக்கே. ஒரு நூல் கரை கூடியிருக்கு. பொறவு எதுக்கு சுவரு?" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு குமாஸ்தாக்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இதில் லென்ஸ் மாறியிருக்கிறது என்றேன். அவர் தம்முடைய இரட்டைக் கண் ரோலிஃப்ளெக்ஸ் கேமராவைத் தட்டிக் காட்டி, "நானும் படம் எடுக்கிறவன்தான். கேமரா உள்ளதைத்தானே காட்டும்?" என்றார்.

நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன். தெரிந்தவர் நடந்துகொள்ளும் மாதிரி நீங்கள் நடக்கவில்லை.

நாற்பத்தெட்டில் கடல் வெட்ட ஆரம்பித்தபோது நான் கயிறு பிடித்து அளந்து எழுதிக் கொடுத்தேன். கயிறு உன்னுடையது, கணக்கும் உன்னுடையது என்று திருவனந்தபுரத்திலிருந்து பதில் வந்தது. அன்றைக்குத்தான் கழுகுப்பாறையின் மேல் உளியால் மூன்று குழி வெட்டினேன். கேமராவின் முக்காலி ஒவ்வொரு வருஷமும் அந்த மூன்று குழியில்தான் நிற்கும். அதே மரக் கேமரா, அதே ராஸ் லென்ஸ், ஆகஸ்ட் பதினாறு, காலை ஒன்பது மணி. அலை வரும், போகும். அதனால் நான் தண்ணீரை அளப்பதில்லை, வெட்டுப்பட்ட மணல்மேட்டின் விளிம்பைத்தான் அளக்கிறேன். கண்ணாடித் தகட்டின் மேலேயே காகிதத்தை வைத்து வெயிலில் அச்சிடுகிறேன். பெரிதாக்குவதும் இல்லை, சிறிதாக்குவதும் இல்லை. முதல் வருஷம் படி முதல் விளிம்பு வரை பதினாறு நூல் இருந்தது. எட்டாம் படத்தில் பத்து நூல். ஒரு நூல் என்றால் தரையில் ஆறேகால் அடி. எவன் வேண்டுமானாலும் ஸ்கேலை வைத்துப் பார்க்கலாம்.

பத்து அங்குல லென்ஸ் எல்லாவற்றையும் கால் பங்கு பெரிதாக்கி இழுத்துக் காட்டும். அதில் ஒரு நூலுக்கு ஐந்தடிதான். உங்கள் பதினொரு நூல் என்பது ஐம்பத்தைந்து அடி. போன வருஷத்துப் பத்து நூல் அறுபத்திரண்டரை அடி. ஏழரை அடி கடலுக்குள் போயிருக்கிறது, மருமகனே. உங்கள் படத்தில் அது ஒரு நூல் வளர்ந்திருக்கிறது.

ஜூலையில் நீங்கள் எழுதிய கடிதத்தை இப்போதுதான் படித்தேன். தலையணைக்கு அடியில் இருந்தது. ராஸைக் கடையில் மாற்றியதும் அதில்தான் தெரிந்தது. வெளியிடத்தில் படம் எடுப்பதற்கு எந்தக் கேமரா, எந்த லென்ஸ் நல்லது என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். படிக்காதவன் பழசைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்று யாரும் நினைக்கக் கூடாது. கொழும்பு ஸ்டுடியோவில் பதினோரு வருஷம் படத்தகடு கழுவினேன். அங்கே கிடந்த கேட்லாக்குகளை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் எனக்கு இங்கிலீஷே வந்தது.

லைக்கா சட்டைப் பையில் அடங்கும் என்கிறீர்கள். சரிதான். கட்டுமரம் அலையைத் தாண்டும் நேரத்தில் எடுக்க அதற்கு மிஞ்சியது கிடையாது. என் கேமராவில் கறுப்புத் துணியை விலக்குவதற்குள் மரம் அலையைத் தாண்டி ஆழத்துக்குப் போய்விடும். ஆனால் அதன் ஃபிலிம் தபால்தலை அளவு. பெரிதாக்காமல் கண்ணுக்குத் தெரியாது. எத்தனை மடங்கு பெரிதாக்கினாய் என்று கேட்டால் என் வாய்ச்சொல்லைத் தவிர சாட்சி என்ன?

ரோலிஃப்ளெக்ஸை நெஞ்சில் வைத்துக் குனிந்து பார்ப்பதால் ஆட்கள் கூச்சப்படாமல் நிற்கிறார்கள் என்கிறீர்கள். உண்மை. சகாயசெல்வியை நீங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் எடுத்த படத்தைப் போல நான் ஒரு ஆளையும் எடுத்ததில்லை. அதில் வலது இடமாகத் தெரியும், ஓடுகிற படகைப் பின்தொடர்ந்தால் கை எதிர்ப்பக்கம் போகும், அது பழகினால் சரியாகும். ஆனால் அதுவும் சின்னச் சதுரம். ஸ்கேல் வைக்கப் போதாது.

டெஸ்ஸாருக்கு வருகிறேன். நீங்கள் விட்டுப்போன லென்ஸை எழுந்து நடமாடியதும் பாறைக்குக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தேன். கடல் வெள்ளியாக மின்னும் நேரத்தில் ஓலைப்புரையின் உள்நிழல் வரை தெரிகிறது. ராஸில் அந்த நேரம் படம் முழுவதும் பால் ஊற்றியது போல் மங்கும், தொப்பியைப் பிடித்து வெயிலை மறைக்க வேண்டும். கண்ணாடியில் பூசியிருக்கும் அந்த நீலப் பூச்சு நல்ல பூச்சு. உப்புக்காற்றுக்கும் வெளி வெளிச்சத்துக்கும் டெஸ்ஸார்தான் மேல். இதை நான் என் கையால் எழுதித் தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு போன வருஷத்துத் தகட்டை எடுத்துப் பின்கண்ணாடியின் மேல் ஒட்டிவைத்துப் பார்த்தேன். ஒரு கோடும் ஒரு கோட்டின் மேல் விழவில்லை. எட்டு வருஷம் ஒரே கண்ணால் பார்த்த கரையை ஒன்பதாம் வருஷம் வேறு கண்ணால் பார்த்தால் அந்தக் கண் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன?

இது மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். படத்தில் கோயிலும் பெரிதாகியிருக்கிறதே, ஒரு வருஷத்தில் கோயில் வளருமா என்று எஞ்சினீயரிடம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். கோயில் உண்மையாகவே வளர்ந்திருக்கிறது. கரைக்கு வரும் மீனில் நம் கோயில் புனிதர் ராயப்பருக்கு என்று எடுக்கும் பங்கைச் சேர்த்துவைத்து, இந்தப் பங்குனியில்தான் முகப்பை ஒன்பதடி உயர்த்தி, வாசலையும் இடித்து அகலமாக்கினார்கள். அந்தக் கல்லைக் கரையில் போடுங்கள் என்று நான் கத்தினேன். கோயில் கமிட்டித் தலைவர் செல்வன், "தூரக் கடல்ல கெடந்து பாத்தாலும் கோயிலு தெரியணும் அண்ணே" என்றான். தெரிகிறது. எஞ்சினீயர் ஆபீசிலும் தெரிகிறது. பனையைக் காட்டினேன். "பனை வளராதா?" என்றார்.

மிச்சம் இருந்த ஒரே அளவுகோல் வியாகுலம்மாள். எட்டுப் படத்திலும் மீன்கடவக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கோயில் படிக்குப் பக்கத்தில் அவள் நிற்கிறாள். சும்மா அழகுக்கு நிறுத்தவில்லை. அவள் உயரம் மாறாது என்பதற்காக நிறுத்தினேன். உங்கள் படத்தில் அவள் இல்லை. என்ன ஆயிற்று என்று அவளிடமே கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒனக்க மருமவன் வந்து, அக்கா கொஞ்சம் தள்ளிப் போங்கோ, படம் கெட்டுப்போவும்னு செல்லியாரு. எட்டு வருசமா நிண்ணப்பம் கெடாத படம் இப்பம் நான் நிண்ணா கெட்டுப்போவுமாம். செரி, பட்டணத்துப் பிள்ளை, கெடக்கட்டும்னு ஒதுங்கிக்கிட்டேன். இப்பம் என்ன? கடலு பின்னால போயிட்டுன்னு ஆப்பீஸர் செல்லியாராக்கும்? அப்பம் எனக்க அடுக்களை எங்க போச்சு? அதுவும் பின்னால போச்சா?"

அவளுடைய அடுக்களை ஜூலை மாதத்திலேயே போய்விட்டது. நீங்கள் படம் எடுத்த அன்று மிச்ச வீட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே இருபது அடி இருந்தது. இன்று காலை கால்தப்படியில் அளந்தேன். பதினேழு.

இந்தக் கடிதத்தை நாளை தபாலில் சேர்க்கிறேன்.

29-9-1956

சேர்க்கவில்லை. இரண்டு காரியம் நடந்துவிட்டது.

ஒன்று, நான் போன வாரம் எழுதிய கார்டுக்கு உங்கள் பதில் வந்தது. 'ராஸ் எங்கே' என்று இரண்டே வார்த்தைதான் எழுதினேன். அதற்கு நீங்கள் மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். லென்ஸ் பத்திரமாக அந்தக் கடையின் கண்ணாடி அலமாரியில்தான் இருக்கிறது, பழைய இங்கிலீஷ் லென்ஸ் என்பதால் யாரும் கேட்கவில்லை என்று எனக்கு ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். யாரும் கேட்கவில்லை என்பதைப் படித்தபோது கொஞ்சம் உறைத்தது. போகட்டும், அது நல்லதாகவே முடிந்தது. டெஸ்ஸாரைப் பார்சலில் அனுப்பினால் ராஸைத் திருப்பித் தர கடைக்காரர் சம்மதிக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். டெஸ்ஸாரை நான் அனுப்ப மாட்டேன். காரணம் கீழே வருகிறது.

இரண்டாவது, புதன்கிழமை நான் கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு திரும்பவும் ஆபீசுக்குப் போனேன். காலில் பலமில்லாததால் குளச்சல் வரை வியாகுலம்மாள் மீன்கடவத்துக்குப் பதில் என் கேமராவைச் சுமந்து வந்தாள். "மீனுன்னா நாலு பேரு வெலை கேப்பான். இதை ஒருத்தனும் கேக்கமாட்டேங்கியானே" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆபீஸ் வராந்தாவில் முக்காலியை நிறுத்தினேன். பியூன் விரட்டினான், நான் நகரவில்லை. சத்தம் கேட்டு எஞ்சினீயரே வெளியே வந்தார். "சார், ஒங்க ரோலிஃப்ளெக்ஸ எடுத்துட்டு வாங்க. ஒரே ஒரு காரியம் கேட்டுட்டுப் போயிருவேன்" என்றேன். என்ன நினைத்தாரோ, எடுத்து வந்தார். என் கேமரா நிற்கும் இடத்திலேயே அவரை நிற்கச் சொன்னேன். எதிரே இருந்த கேட்டுத் தூணை அவருடைய கேமராவின் கண்ணாடியில் ஸ்கேலால் அளக்கச் சொன்னேன். மூன்று நூல். பிறகு என் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து அதே தூணை அளக்கச் சொன்னேன். தலைகீழாகத் தெரிவதைப் பார்த்து முதலில் தடுமாறினார். பிறகு உள்ளேயிருந்தே "பத்து" என்றார்.

"எந்தத் தூண் சார் நெசம்? மூணு நூல் தூணா, பத்து நூல் தூணா?" என்று கேட்டேன்.

அவர் ஸ்கேலை இன்னொரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் துணிக்குள்ளிருந்து வெளியே வந்தார். வந்தபோது சிரிப்பு இல்லை. "எனக்கு வெளங்கிட்டு பெரியவரே. ஆனா ஃபைலுக்கு வெளங்கணுமே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. இருபத்திரண்டு துறைக்காரர்கள் அவர் வாசலில் நிற்கிறார்கள். நவம்பர் ஒன்றாம் தேதி நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்கின்றன. அதற்கு முன்னால், அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி அவர் பட்டியலை எழுதி மூடிவிட வேண்டும். அதன் பிறகு நம் ஃபைலை எந்த ஊரில் எந்த மேஜையில் யார் திறப்பார் என்று அவருக்கே தெரியாது. நாம் சேருகிற ராஜ்யம் நமக்குச் சொந்த ராஜ்யம்தான். ஆனால் சுவர் வேண்டாம் என்று எழுதிய ஃபைலோடு அங்கே போய் நிற்க நான் தயாரில்லை.

அவர் கேட்டது இதுதான். ஒரே நாள், ஒரே பாறை, ஒரே முக்காலி. முதலில் ராஸில் ஒரு படம், கேமராவை அசைக்காமல் லென்ஸை மாற்றி டெஸ்ஸாரில் ஒரு படம். அவருடைய ஓவர்சியர் பக்கத்தில் நின்று பார்த்து இரண்டு படத்தின் முதுகிலும் கையெழுத்துப் போடுவார். ஒரே கரை ஒன்றில் பெரிதாகவும் ஒன்றில் சிறிதாகவும் நிற்பதைப் பார்த்தால், ஆகஸ்ட் படம் தானாகவே செல்லாது. ராஸில் எடுத்தது மற்ற எட்டோடும் சேர்ந்துகொள்ளும். அக்டோபர் பதினெட்டு, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு ஓவர்சியர் வருகிறார். வேறு நாள் கிடையாது.

ஆகையால் அவரவர் செய்ய வேண்டியதை எழுதுகிறேன். இதில் யோசனை கேட்கவில்லை.

நீங்கள் ராஸை அந்த அலமாரியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். டெஸ்ஸாரைத் திருப்பிக் கொடுக்காமல் கடைக்காரர் தரமாட்டார். உங்கள் ரோலிஃப்ளெக்ஸை அவரிடம் ஈடாக வைத்துவிட்டு வாருங்கள். அந்தக் கேமரா உங்களுக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். வேறு எதையும் அவர் ஈடாக ஏற்க மாட்டார். ராஸைக் கையில் வாங்கியதும் வெளி வளையத்தில் இருக்கும் நம்பரைப் பாருங்கள். கடைசி மூன்று எண் 417. அது இல்லையென்றால் அது என் லென்ஸ் இல்லை. எட்டு அங்குலம் என்று வேறு எதையாவது கொடுத்தால் வாங்க வேண்டாம். யாரையும் துடைக்க விட வேண்டாம். பூஞ்சை இருந்தால் இருக்கட்டும், எட்டுப் படத்திலும் அது இருந்திருக்கிறது.

சகாயசெல்வி தன்னுடைய பழைய நூல்சேலையில் அதைச் சுற்றித் தர வேண்டும். பத்து வயதிலிருந்து என் தகடுகளைச் சுற்றிவைத்த கை அவளுடையது, எப்படி என்று நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். ஏழாம் மாதம் அவளை அழைத்துவர வேண்டியது நான். இந்தக் காலை வைத்துக்கொண்டு வர முடியவில்லை. அதனால் நீங்களே கூட்டி வாருங்கள். திருநெல்வேலி வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் முன் சீட்டு. பதினாறாம் தேதிக்குள் இங்கே வந்துவிட வேண்டும். அவள் தங்குவதற்கு நாகர்கோவிலில் சத்தியபாய் டீச்சர் வீட்டில் இடம் பேசியிருக்கிறேன். கரையில் என் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

செல்வன் பதினெட்டாம் தேதி காலை கோயில் முற்றத்தில் ஒரு கட்டுமரமோ வலையோ கிடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சொல்லிவிட்டேன். ஒன்பதடி முகப்பைக் கட்டியவன் ஒரு முற்றத்தைக் கூட்டலாம்.

வியாகுலம்மாள் கடவத்தோடு படிக்குப் பக்கத்தில் நிற்பாள். முன்னால் ஒரு தடவை நீங்கள் அவளிடம் போய் நிற்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நான் கேட்டால் நிற்பாள். ஆனாலும் நீங்கள் கேட்க வேண்டும்.

ராஸை நான் மாட்டி நான் எடுப்பேன். டெஸ்ஸாரை நீங்கள் மாட்டி நீங்கள் எடுக்க வேண்டும். ஆகஸ்டில் அந்த லென்ஸைக் கையாண்டவர் நீங்கள், அதற்காக ஓவர்சியருக்கு முன்னால் நின்று சொல்லக்கூடியவரும் நீங்கள்தான். லென்ஸை மாற்றும்போது முக்காலி ஒரு மயிரிழை அசைந்தாலும் இத்தனையும் வீண். என் கை இப்போது நடுங்குகிறது. அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் கழற்றும் நேரம் முக்காலியின் காலை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன்.

இருவரும் பத்திரமாக வந்து சேர ராயப்பர் துணை இருக்கட்டும். வரும் நாளை ஒரு கார்டில் எழுதுங்கள். குளச்சல் பஸ் நிறுத்தத்தில் நான் நிற்பேன்.

இப்படிக்கு
உங்கள் மாமன்
ஏசுஅடிமை